நெத்திலிக்காக ஒரு நாள்: காசிமேட்டிலிருந்து சேத்தராவுக்கு

இத்தாலிக்குச் சுற்றுலா செல்லும் நம் வடசென்னைக் குடும்பங்கள் பெரும்பாலும் ரோமையும் வெனிஸையும் பார்த்துவிட்டு, கடலோரம் என்று வரும்போது அமல்ஃபியிலும் பொசித்தானோவிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அதே கரையில், சலேர்னோ நகருக்கு மேற்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சேத்தராவில் யாரும் இறங்குவதில்லை. சுமார் இரண்டாயிரம் பேரே வசிக்கும் இந்தச் சிற்றூர் இன்றும் நெத்திலியாலும் சூரை மீனாலும் பிழைக்கிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் மீன் வாடையோடு வளர்ந்தவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சேத்தராவில் உப்பிடுவதற்கான நெத்திலி பிடிபடும் பருவம் மார்ச் இறுதியில் தொடங்கி ஜூலை வரை நீடிக்கிறது. ஆகவே, படகு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இங்கே ஓய்வு கிடைக்கும் நாட்களில் அங்கே வேலை மும்முரமாக நடக்கிறது. இரவில் விளக்கு வெளிச்சத்தால் மீனைக் கூட்டிச் சுருக்குமடி வலையால் வளைக்கிறார்கள். நம்மூரில் அந்த வலையின் பெயரை எடுத்தாலே பேச்சு சூடாகிவிடும்; அங்கே அதுதான் வழக்கமான வலை. ஆகஸ்ட் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்: இத்தாலியர்கள் எல்லோருக்கும் அதுதான் விடுமுறைக் காலம். இத்தாலிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் கோடையில் நெரிசல் அதிகம் என்பதால் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஆகும். நிலையப் பலகையில் நேப்பிள்ஸ் 'நாப்போலி' என்றே எழுதப்பட்டிருக்கும். சலேர்னோவில் அமல்ஃபி செல்லும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பயணச்சீட்டை முன்கூட்டியே 'தபாக்கி' எனப்படும் புகையிலைக் கடைகளில் வாங்கிக்கொண்டு, ஏறியதும் வண்டியில் இருக்கும் இயந்திரத்தில் பதிய வேண்டும். கடல் இடப்பக்கம் வரும் என்பதால் அந்தப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். பாதை மலையை ஒட்டி வளைந்து வளைந்து போவதால், பேருந்தில் தலைசுற்றும் பெரியவர்கள் உடன் வந்தால், பருவகாலத்தில் சலேர்னோ துறைமுகத்திலிருந்து புறப்படும் படகையே நான் தேர்ந்தெடுப்பேன்.

காலை பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் துறைமுகத்தில் வலை பிரித்துத் தைப்பவர்களைப் பார்க்கலாம். கடற்கரையை ஒட்டி நிற்கும் பழைய காவல் கோபுரத்தையும், பளபளக்கும் ஓடு பதித்த குவிமாடம் கொண்ட புனித பேதுரு ஆலயத்தையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஜூன் 29 அன்று நடக்கும் பேதுரு திருவிழாவும் மீனவர்களின் திருவிழாதான். மற்றபடி இந்த ஊருக்கு வருவது சாப்பிடத்தான்.

இங்கே சுவைக்க வேண்டிய முதல் பொருள் 'கொலத்தூரா'. (பெயரைக் கேட்டதும் நம் கொளத்தூர் நினைவுக்கு வந்து சிரிப்பு வரும், எனக்கும் வந்தது.) நெத்திலியின் தலையையும் குடலையும் கையாலேயே கிள்ளி எடுத்து, சிறிய மரப்பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை கடல் உப்பு என்று அடுக்கி, மேலே மரப்பலகை வைத்துக் கல்லால் அழுத்திவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஊறியபின், பீப்பாயின் அடியில் துளையிட்டுச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கும் செம்பொன் நிறத் தெளிவுதான் கொலத்தூரா. பழைய ரோமானியர்களின் 'காரும்' என்ற மீன் சாறு இதற்கு மூதாதை என்பார்கள். நம் கருவாட்டில் மீனை வைத்துக்கொண்டு நீரைப் போக்கிவிடுகிறோம்; இவர்கள் அந்த நீரைத்தான் சேமிக்கிறார்கள். வழக்கமாக டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்பாக வடிப்பதால், மே மாதத்தில் நீங்கள் வாங்குவது முந்தைய ஆண்டு மீனின் சாறாக இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை.

மதிய உணவுக்குப் பன்னிரண்டரை மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரை, மூன்று மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டால் இரவு ஏழு மணிவரை பல உணவகங்களில் எதுவும் கிடைக்காது. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய நெத்திலியில் தொடங்குங்கள். அது அடுப்பில் வேகாத மீன் என்பதால் தயங்குபவர்கள், பாலாடைக்கட்டி அடைத்துப் பொரித்த நெத்திலியைக் கேட்கலாம். அடுத்தது கொலத்தூரா ஊற்றிய ஸ்பகெட்டி: பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி இலை, கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். கையில் தட்டு வேண்டாம் என்றால், காகிதக் கூம்பில் பொரித்த மீனைப் போட்டுத் தரும் 'குவொப்போ'வை வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கே போய்விடலாம். நம் மெரினா மீன் வறுவலின் காரத்தை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆள் கணக்கில் சிறு தொகை சேர்ந்திருக்கும். அது இருக்கைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம், ஏமாற்று இல்லை.

சைவம் சாப்பிடும் அத்தையோ மாமியோ உடன் வந்தால் ஓர் எச்சரிக்கை: இந்த ஊரில் கீரை, காய்கறிப் பதார்த்தங்களிலும் கொலத்தூராவை ஊற்றுவதுண்டு. 'சென்சா கொலத்தூரா, சென்சா பெஷே', அதாவது கொலத்தூராவும் மீனும் இல்லாமல், என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் முன் ஒரு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நம் புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பை வழங்கியிருப்பதால், புட்டியில் ஒட்டிய சீட்டில் 'டிஓபி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நூறு மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் வைத்தால் பல விமான நிலையங்களில் விமானத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, துணிகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வையுங்கள். உடைந்தால் பெட்டியிலுள்ள அத்தனை துணியும் காசிமேட்டு ஏலக்கூடம்போல மணக்கும்.

வீட்டில் சமைக்கும்போது பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பே போடக் கூடாது. கொலத்தூராவைக் கொதிக்கவைக்கவும் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கியபின் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி ஊற்றிப் பிரட்டிச் சுவை பார்த்து, போதாவிட்டால் மேலும் சில சொட்டுகள் சேர்த்தால் போதும். சூடான சோற்றிலும் நல்லெண்ணெயோடு இரண்டு சொட்டு விட்டுப் பிசைந்து பார்த்தேன். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கிடைத்தால் இன்னும் நன்று.