அக்காடியம், சுமேரியம்: முதுநிலைப் படிப்புக்குத் தயாராகும் வழி

பண்டைய மெசொப்பொத்தேமியாவை (பெரும்பாலும் இன்றைய ஈராக்) முதுநிலையில் படிக்க விரும்புவோர், பல்கலைக்கழகங்களைத் தேடுவதற்கு முன், குறைந்தது ஓராண்டை அங்கு வழங்கிய இரு பழைய மொழிகளுள் ஒன்றான அக்காடியத்தின் இலக்கணத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் படி, மொழியின் வரிசையைச் சரியாக அமைத்துக்கொள்வது. சுமேரியம் அக்காடியத்தைவிடப் பழைமையான எழுத்துமொழி. ஆயினும் அதற்கு உறவுமொழி எதுவும் உறுதிப்படவில்லை. அக்காடியமோ அரபு, எபிரேயம் ஆகியவற்றின் உறவுமொழி. பண்டைய எழுத்தர்கள் தொகுத்த சுமேரிய-அக்காடிய இருமொழிச் சொற்பட்டியல்களின் துணையால்தான் சுமேரியம் விளங்கத் தொடங்கியது என்பதால், அக்காடியத்தின் பழைய பாபிலோனிய வழக்கிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் படியாக, பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டங்களை வாசியுங்கள். 1901-02இல் ஈரானின் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கருங்கல்லின் முதல் சட்டம் “ஷும்ம அவீலும் அவீலம் உப்பிர்ம” என்று தொடங்குகிறது. ‘உம்’ எழுவாய் ஈறு, ‘அம்’ செயப்படுபொருள் ஈறு. “ஒருவன் ஒருவனைக் குற்றஞ்சாட்டினால்” என்பது பொருள். வினை இறுதியில் வருவதால் தமிழருக்கு இந்தச் சொல்வரிசை இயல்பாகவே பிடிபடும்.

மூன்றாவது, இவ்விரு மொழிகளையும் களிமண் பலகைகளில் ஆப்பு வடிவக் கீறல்களாகப் பதித்த ஆப்பெழுத்துக் குறிகள். இங்கே பொறுமை வேண்டும். நட்சத்திர வடிவிலிருந்து வந்த ஒரே குறி வானத்தையும், கடவுளையும், ‘அன்’ என்ற ஒலியையும் குறிக்கும். கடவுளரின் பெயருக்கு முன்னால் வந்தால் ஒலிக்கப்படாத அடையாளமாகவும் நிற்கும். நாளுக்கு ஐந்து குறிகளைக் கையால் எழுதிப் பழகுவது, திரையில் ஐம்பதைப் பார்ப்பதைவிட நிலைக்கும். 1921இல் தொடங்கி ஏறத்தாழ 90 ஆண்டு உழைப்பில் நிறைவுற்ற, அக்காடியத்துக்கான சிகாகோ அசீரிய அகராதியை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அதன் பின் சுமேரியம். தமிழைப் போல அதுவும் ஒட்டுநிலை மொழி, அதாவது சொல்லோடு ஈறுகளை ஒட்டிப் பொருள் உணர்த்துவது: ‘லுகல்’ அரசன், ‘லுகல்-ர’ அரசனுக்கு; ‘எ’ வீடு, ‘எ-த’ வீட்டிலிருந்து. இந்த அமைப்பொற்றுமை கற்பதற்கு உதவும்; ஆனால் அதைத் தமிழோடு பிறப்புறவு என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள், அதற்குச் சான்று இல்லை.

ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கும் அளவுக்காவது தேவை. துறையின் அடிப்படை நூல்களில் பல அவற்றில்தான் உள்ளன.

இப்போது பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்பெழுத்து ஆய்வுகளுக்கென்றே இரண்டாண்டு எம்.ஃபில். உண்டு, சிகாகோ, லைடன், லைப்சிக், ஹைடல்பெர்க் ஆகியவையும் இத்துறையில் நீண்ட மரபுடையவை. நோக்கவுரையில் “பழம் நாகரிகங்களில் ஆர்வம்” என்று எழுதாமல், ஒரு குறிப்பிட்ட கேள்வியை முன்வையுங்கள். துருக்கியின் கியூல்டெப்பே என்னும் தொல்லியல் களத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வணிகர் களிமண் பலகைகள் கிடைத்துள்ளன; அவற்றுள், மெசொப்பொத்தேமியாவின் அசூர் நகரப் பெண்கள் தாங்கள் நெய்து அனுப்பிய துணிகளின் விலை குறித்துக் கணவருக்கு எழுதிய கடிதங்களும் உண்டு. அத்தகைய ஒரு கடிதத்தை ஒலிபெயர்த்து, பகுத்து, மொழிபெயர்த்து, அதன் நகலை வழிகாட்டியாக விரும்பும் பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலோடு இணையுங்கள்.