ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு வீட்டு வேலை பழக்குவது எப்படி?

"மாடியில துணி காய்ஞ்சிருக்கும். எடுத்துட்டு வந்து மடிச்சு அலமாரியில வை" என்று 9 வயது மகனை அனுப்பினேன். 20 நிமிடமாகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் துணியெல்லாம் கொடியிலேயே ஆடுகிறது. கிளிப்புகளை மட்டும் கழற்றி, ஒன்றோடு ஒன்று மாட்டி ரயில் விட்டுக்கொண்டிருக்கிறான். "என்னடா சொன்னேன்?" என்று கேட்டேன். "கிளிப் எடுக்கச் சொன்னே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதில் அவனிடம் தங்கியது அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் தப்பு என் வாக்கியத்தில். ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லியிருக்கிறேன். சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டே கையால் வேலை பார்ப்பது ஒரு தனித் திறன். ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காமல் சிதறுவதும் அளவுக்கு மீறிய துறுதுறுப்புமான நிலை, உள்ள பிள்ளைகளுக்கு அதுதான் தடுமாறும். தன்னைக் கட்டுப்படுத்தி நடத்தும் திறனில் இவர்கள் சுமார் 30 சதவீதம் பின்தங்கியிருப்பார்கள் என்று ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு உத்தேசக் கணக்கு சொல்வார். 10 வயதுப் பிள்ளையிடம் 7 வயதுப் பிள்ளைக்கான வேலையை எதிர்பார்த்தால் போதும் என்று அர்த்தம். எனக்கு இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் வீட்டில் சத்தம் குறைந்தது.

தொடங்கும் முன் ஒன்று: சேட்டை செய்யும் எல்லாப் பிள்ளைக்கும் ஏடிஎச்டி இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும், வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளி போன்ற இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கீழே உள்ள முறை எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியல் போட்டு ஏழு வேலை கொடுக்கத் தோன்றும். வேண்டாம். 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், உடம்பு அசைய வேண்டும், முடிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒரு வேலை போதும். தண்ணீர் பாட்டில்களை நிரப்புவது, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசலில் செருப்புகளை ஜோடி சேர்ப்பது, காலி தண்ணீர் கேனை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போவது எல்லாம் நன்றாக வரும். கறிவேப்பிலை உருவக் கொடுங்கள். ஒரே இழுப்பில் மொத்த இலையும் கையோடு வரும் சுகத்துக்காகவே செய்வார்கள். முருங்கைக்கீரை ஆயக் கொடுக்காதீர்கள். அது பெரியவர்களின் பொறுமையையே சோதிக்கும்.

எல்லாவற்றையும் விட மோசமான வேலை, "பால் பொங்குதான்னு பாத்துக்கோ" என்பது. ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதைவிட இவர்களுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. பால் வழிந்ததும் திட்டு விழும். அடுப்பு, மிக்சி, அரிவாள்மணை, இஸ்திரிப் பெட்டி பக்கம் தனியாக விடவே வேண்டாம். யோசிக்காமல் கை நீட்டிவிடுவார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது பாட்டில் நிரப்பும் வேலை.

படி 2: வேலையை உடைத்துச் சுவரில் ஒட்டுங்கள்

"பாட்டில் நிரப்பு" என்பது நமக்கு ஒரு வேலை, அவனுக்கு ஐந்து. மேசையிலிருந்து காலி பாட்டில்களை எடு. மூடியைக் கழற்று. கழுத்து வரை நிரப்பு. மூடியை இறுக்கு. அலமாரியில் வை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி, கேனுக்குப் பக்கத்தில் அவன் கண் உயரத்தில் ஒட்டினேன். முதலில் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். ஒரு வாரம் வீண். வேலை நடக்கும் இடத்தில் இல்லாத தாள் இல்லாததற்குச் சமம்.

படிக்கத் தெரியாத பிள்ளையென்றால் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து அச்சிட்டு ஒட்டலாம். ஐந்து பாட்டிலும் வரிசையாக நிற்கும் படத்தைக் கடைசியில் ஒட்டுங்கள். "முடிச்சிட்டியா?" என்ற தினசரிச் சண்டைக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

படி 3: வேலையைக் கடிகார நேரத்தோடு கட்டாதீர்கள்

"ஐந்து மணிக்கு" என்பது இவர்களுக்குக் காற்றில் எழுதியது போல. தினமும் தானாக நடக்கும் ஒன்றோடு வேலையை முடிச்சுப் போடுங்கள். எங்கள் வீட்டில் மாலைச் சிற்றுண்டி முடிந்து தட்டை வைத்ததும் பாட்டில். "முதலில் பாட்டில், அப்புறம் சைக்கிள்." இந்த வரிசையை மாற்றுவதே இல்லை. சைக்கிளை முதலில் கொடுத்தால் அன்று பாட்டில் கிடையாது.

பிள்ளை காலையில் மருந்து எடுப்பவனாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் சிலர் எரிந்து விழுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வேலை சொல்லாதீர்கள். அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றவும் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 4: சொல்லும் விதம்

சமையலறையிலிருந்து கத்துவதை நிறுத்துங்கள். அருகில் போய், பெயர் சொல்லி, டிவி ஓடினால் நிறுத்திவிட்டு, ஒரே வாக்கியம்: "பாட்டில் நேரம்." "பண்றியா கண்ணா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் நியாயமான பதில்தானே. சொன்ன பிறகு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மூன்று எண்ணுவதற்குள் வாய் திறந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் பக்கத்திலேயே நின்று நீங்களும் ஏதாவது செய்யுங்கள். நான் வெங்காயம் உரித்தேன். ஆள் அருகில் இருந்தாலே அவன் வேலையில் நிற்கிறான்.

படி 5: புளியங்கொட்டைக் கணக்கு

வார இறுதியில் பரிசு என்றால் அது அவனுக்கு அடுத்த வருஷம் மாதிரி. பாராட்டு அந்த நிமிடமே வேண்டும், எதற்கென்றும் தெரிய வேண்டும். "நல்ல பையன்" என்பதைவிட, "அஞ்சு மூடியும் இறுக்கிட்டியே, ஒண்ணுகூட ஒழுகல" என்பது வேலை செய்யும். கூடவே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஒரு புளியங்கொட்டை. மூன்று சேர்ந்தால் கூடுதலாக 15 நிமிடம் சைக்கிள், அல்லது இரவு உணவு என்ன என்று அவன் முடிவு செய்யலாம். வாயில் போடும் வயதில் பிள்ளை இருந்தால் கொட்டைக்குப் பதில் தாளில் கோடு போடுங்கள்.

சம்பாதித்த கொட்டையைக் கோபத்தில் பிடுங்காதீர்கள். ஒருமுறை செய்தேன், நான்கு நாள் பாட்டில் பக்கமே வரவில்லை. பரிசு சில வாரங்களில் சலித்துப்போகும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 6: மறுத்தால்

முணுமுணுப்பைக் கேட்காதது போல் விட்டுவிடுங்கள். வாய் முணுமுணுத்தாலும் கை வேலை செய்தால் நமக்கு என்ன? கத்தல், பொருளை எறிவது என்று போனால் பேச்சைக் குறைத்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கும் வரை இருங்கள். அந்த நேரத்தில் சொல்லும் நியாயம் எதுவும் உள்ளே போகாது. பிறகு வேலையின் சின்னத் துண்டுக்குத் திரும்புங்கள்: "ரெண்டு பாட்டில் மட்டும்." அடித்தால் அந்த நேரத்துக்கு நிற்கும், வேலை பழகாது. எதற்கெடுத்தாலும் எதிர்ப்பு, பழிவாங்கும் கோபம் என்று மாதக்கணக்கில் போனால் ஏடிஎச்டியோடு வேறொன்றும் சேர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

படி 7: வீட்டிலுள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

"ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். வாதாடிப் பயனில்லை என்று புளியங்கொட்டைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். இப்போது அவர்தான் கணக்குப்பிள்ளை. ஒரு கொட்டை குறைந்தாலும் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார். மகளுக்கோ, அவனுக்கு மட்டும் கொட்டையா என்று மனத்தாங்கல். அவளுக்கும் ஒரு பாட்டில் வைத்தோம். அது போதவில்லை, ஞாயிறு காலை என்னோடு தனியாக மார்க்கெட் வருவதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வாரத்தில் இரண்டு மாலை முழுப் பொறுப்பும் கணவருக்கு. அந்த இரண்டு மாலையும் எப்படி நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஏடிஎச்டி பெரும்பாலும் குடும்பவழி வருவது. அட்டவணையை ஒட்ட மறப்பவர், தொடங்கியதை முடிக்காதவர் பெற்றோரில் ஒருவராகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் யார் என்று சொல்லமாட்டேன்.

முடியவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022இல் தொடங்கிய மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் இது, தமிழிலும் பேசுவார்கள். பிள்ளையைப் பரிசோதிக்க உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை பார்ப்பார்கள்.

ஒரு வேலை மூன்று வாரம் பெரிய சண்டையில்லாமல் ஓடினால் இரண்டாவதைச் சேர்க்கலாம். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. இரண்டாவது வேலையை அவனே கேட்டு வாங்கினான். மாடித் துணியை இன்னும் நான்தான் எடுக்கிறேன். கிளிப் கழற்றுவது அவன்.