மெரிட் ஸ்காலர்ஷிப்போடு வெளி உதவித்தொகை: பணம் எங்கே கைநழுவுகிறது?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, பல்கலைக்கழகமே மதிப்பெண்ணும் திறமையும் பார்த்து மெரிட் ஸ்காலர்ஷிப்பும் தந்துவிட்டால், அடுத்து எல்லாரும் வேறு அமைப்புகள் தரும் வெளி உதவித்தொகை தேடுகிறார்கள். இரண்டையும் கூட்டி, அந்த அளவுக்குச் செலவு குறையும் என்று கணக்குப் போடுகிறார்கள். பல இடங்களில் அந்தக் கணக்கு செல்லாது. வெளிப்பணம் வந்ததும் பல்கலைக்கழகம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேரிலாந்து மாநிலம் 2017இல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிக் குறைப்பதற்குச் சட்டத்தால் வரம்பு கட்டியது. நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் பின்னால் வந்தன. மற்ற பல மாநிலங்களில் அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்ததே விதி. மெரிட் தொகை மட்டும் என்றால், மொத்தப் படிப்புச் செலவைத் தாண்டாதவரை பெரும்பாலும் கைவைக்க மாட்டார்கள். குடும்ப வருமானம் பார்த்துத் தந்த உதவியும் கலந்திருந்தால்தான் சிக்கல். அமெரிக்க மாணவருக்குப் பல கல்லூரிகள் முதலில் கடனையோ வளாக வேலையையோ குறைக்கும். நம் ஊரிலிருந்து போகிறவருக்கு அந்நாட்டு அரசின் கடனும் கிடையாது, அரசு நிதியில் வரும் வளாக வேலையும் கிடையாது. ஆகவே வெட்டு நேரே உதவித்தொகையிலேயே விழலாம்.

இதைக் கேட்காமல் விண்ணப்பங்களில் மாதக்கணக்கைச் செலவிடுவதுதான் பெரிய தவறு. நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, "வெளித்தொகை வந்தால் எதை முதலில் குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

"டியூஷனுக்கு மட்டும்", அதாவது கல்விக் கட்டணத்துக்கு மட்டும், என்ற நிபந்தனையையும் பலர் கவனிப்பதில்லை. டியூஷன் 40,000 டாலர், மெரிட் தொகையும் 40,000, அது டியூஷனுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் 5,000 டாலர் வெளித்தொகை வந்து, அதற்கும் அதே நிபந்தனை இருந்தால், அது விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் உதவாது. தருகிற அமைப்பிடம், புத்தகத்துக்கோ விடுதிக்கோ மாற்ற முடியுமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

வெளித்தொகையைச் சொல்லாமல் மறைப்பது வேண்டாம். காசோலை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே போகும். செமஸ்டர் நடுவில் கணக்கைத் திருத்தி, திடீரென்று பில் அனுப்புவார்கள்.

வரியும் உண்டு. டியூஷனுக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் தொகைக்கு வரி இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் உதவித்தொகையில் விடுதி, சாப்பாட்டுக்கான பகுதிக்கு, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடித்தம் செய்வார்கள்.

இந்தியாவில் வாங்கும் தொகைகளிலும் விதிமுறையைப் படியுங்கள். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் நாடும் ஜே.என். டாடா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டும்.

கடைசியாக, இரண்டாம் ஆண்டு. மெரிட் தொகை மதிப்பெண் சராசரி குறையாதவரை பெரும்பாலும் நான்கு ஆண்டும் தொடரும். வெளித்தொகை பெரும்பாலும் ஓராண்டோடு நின்றுவிடும். அதற்காக முதல் ஆண்டில் பல்கலைக்கழகம் குறைத்த பணம் இரண்டாம் ஆண்டில் பழைய அளவுக்குத் திரும்புமா? வெளித்தொகையை ஏற்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.