ஸ்கேனர் வாங்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த வீடுகளில் ஸ்கேன் செய்ய வேண்டியவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), தோட்டத்து லய வீட்டு வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், தாத்தாவின் கல்யாணப் படம். முதலில் இவற்றை மேசையில் பரப்பிப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம். பலர் வாங்கி வந்த பிறகுதான் அலமாரியைத் திறக்கிறார்கள்.

பெட்டியில் ‘19200 டி.பி.ஐ.’ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது மென்பொருள் இட்டு நிரப்பும் கணக்கு. ஆப்டிகல் அளவு, அதாவது ஸ்கேனர் உண்மையிலேயே பார்க்கும் புள்ளிகள், எவ்வளவு என்று கேளுங்கள். சான்றிதழுக்கு 300, படத்துக்கு 600 போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டுமானால் 1200. ஏ4 தாள் ஒன்றை 600-இல் வண்ணத்தில் எடுத்தாலே, சுருக்காத கோப்பு 100 எம்.பி.யைத் தொட்டுவிடும்.

உண்மையான வித்தியாசம் படத்தை உள்வாங்கும் சென்சாரில்தான். கேனன் லைட் 300 போல மெலிதாக, யூ.எஸ்.பி. வயரிலேயே ஓடுபவை சி.ஐ.எஸ். வகை. கண்ணாடியில் படிந்து கிடப்பது மட்டும்தான் அவற்றில் தெளிவாக விழும். தாளுக்கு அருமை. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் பழைய படம் சுருளும், இல்லையென்றால் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் பாட்டியின் முகம் கண்ணாடியோடு போய்விடும், தயவுசெய்து பிய்க்காதீர்கள். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு அப்படியே வைத்து எடுங்கள். அதற்கு லென்ஸ் உள்ள சி.சி.டி. வகைதான் சரிப்படும், எப்சன் வி600 போல. தடிமன், விலை இரண்டும் கூடுதல். ஆனால் மூடியில் விளக்கு இருப்பதால் அதில் நெகட்டிவும் எடுக்கலாம்.

தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ரகம் கோவில் கணக்குத் தாள்களுக்கு நல்லது. பழைய படத்தை அதற்குள் விடவே கூடாது, உருளை கீறிவிடும்.

பிரிண்டரோடு சேர்ந்து வருவதும் தாளுக்குப் போதும். ஆனால் சில மாடல்கள் மை தீர்ந்தால் ஸ்கேன் செய்யவும் மறுக்கும். அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஈப்போவில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஸ்கேனரைத் தூக்கி வருபவர்கள் டிரைவரை, அதாவது கணினியையும் ஸ்கேனரையும் இணைக்கும் மென்பொருளை, மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11-க்கு 64-பிட் டிரைவர் இல்லையென்றால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஒரு தாளை வைத்து எடுத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

அவ்வப்போது ஐ.சி. (அடையாள அட்டை) நகல் மட்டும் அனுப்புபவரா? கைப்பேசியே போதும், எதுவும் வாங்க வேண்டாம்.