சயின்ஸ் ஃபிக்‌ஷனா, ஃபேண்டஸியா? படம் பார்த்துக்கொண்டே பிரித்துப் பார்க்கும் வழி

ராக்கெட் வந்தால் சயின்ஸ் ஃபிக்‌ஷன், மந்திரவாதி வந்தால் ஃபேண்டஸி. நம்மில் பலர் இப்படித்தான் பிரிக்கிறோம். மாயாஜாலப் படங்கள் எடுத்த விட்டலாச்சார்யா காலத்துக்கு இந்தக் கணக்கு போதும். ராக்கெட்டுக்குள்ளேயே மந்திரவாதி உட்கார்ந்து வரும் படங்களுக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது. இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே பார்த்த ஒரு படமும் ஒரு துண்டுக் காகிதமும் போதும்.

படி 1: செட்டையும் உடையையும் கணக்கில் எடுக்காதீர்கள்

1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். விண்கலம், ரோபோ, லேசர் எல்லாம் இருக்கிறது. ஆனால் படம் தொடங்கும்போது திரையில் வரும் வரி என்ன? 'வெகு காலத்துக்கு முன்பு, வெகு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில்'. இது 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' தானே? சிறைப்பட்ட இளவரசி, வாள் வீரர்கள், வனவாசம் இருக்கும் கிழ குரு, அப்பாவின் வாளை வாங்கிக்கொள்ளும் பையன் என்று மற்றதெல்லாம் அதே வரிசையில் வருகிறது. வாள் ஒளிர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

படி 2: நடக்க முடியாத விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

'ஒரு கருவி மனிதனை வேறு காலத்துக்கு அனுப்புகிறது.' 'ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது.' இந்த அளவு போதும். ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்றால் படத்தில் இரண்டு அதிசயங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். தனித்தனியாக எழுதுங்கள்.

படி 3: அதைக் கைமாற்றிப் பாருங்கள்

முக்கியமான படி இதுதான். நீங்கள் எழுதிய அதிசயத்தை வேறொருவர் கையில் கொடுத்தால் வேலை செய்யுமா?

'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் கால இயந்திரத்தைச் செய்தவர் 2065இல் இருக்கும் விஞ்ஞானி. அது 2015இல் இரண்டு சாதாரணப் பையன்கள் கையில் சிக்குகிறது. அவர்களுக்கு அறிவியலும் தெரியாது, தெய்வ அருளும் கிடையாது. ஆனாலும் இயந்திரம் ஓடுகிறது. 'எந்திர'னில் (2010) குப்பையில் போன ரோபோ சிட்டியை வில்லன் விஞ்ஞானி போரா எடுத்து, மறுபடி பூட்டி, சிவப்பு சிப்பைச் செருகுகிறார். சிட்டி அவருக்காகவும் வேலை செய்கிறது. நல்லவன் கையிலும் கெட்டவன் கையிலும் ஒரே மாதிரி ஓடினால் அது சயின்ஸ் ஃபிக்‌ஷன் பக்கம்.

'மாநாடு' (2021) வேறு மாதிரி. நாயகன் ஏன் ஒரே நாளில் மாட்டிக்கொள்கிறார் என்பதற்குப் படம் சொல்லும் காரணம், அவர் உஜ்ஜைனி கால பைரவர் கோயிலில் பிறந்தவர் என்பது. வில்லனும் அதே சுழலில் சிக்குகிறார், உண்மைதான். ஆனால் அதை யாரும் பட்டறையில் செய்து விற்க முடியாது. பிறப்பு, சாபம், ரத்தம், முன்பே சொல்லப்பட்ட வாக்கு: இவற்றில் சக்தி இருந்தால் ஃபேண்டஸி என்று குறித்துக்கொள்ளுங்கள். தரம் வேறு விஷயம். 'மாநாடு' எனக்கு மிகவும் பிடித்த படம்.

படி 4: விளக்கம் வந்ததும் ஏமாறாதீர்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1999இல் வந்த படத்தில், குட்டிப் பையன் அனகினின் ரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள். உயிரணுக்களுக்குள் வாழ்ந்து, 'ஃபோர்ஸ்' என்ற மாய சக்தியோடு ஒருவரை இணைக்கும் மிடிக்ளோரியன் என்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கை 20,000க்கும் மேல் என்று வருகிறது. மூத்த குரு யோடாவுக்கே அவ்வளவு கிடையாதாம். சரி, லேப் ரிப்போர்ட்டே வந்துவிட்டது, இனி அறிவியல்தான் என்று நினைப்போம். ஆனால் அதே படத்தில், இவனுக்கு அப்பா என்று யாருமில்லை என்று தாய் சொல்கிறாள். இவன்தான் முன்பே சொல்லப்பட்டவன் என்று குரு நம்புகிறார். ரத்த டெஸ்ட் பக்கத்திலேயே அவதாரக் கதை. அந்த 20,000ஐ வைத்து யாராவது எதையாவது கண்டுபிடிக்கிறார்களா? இல்லை. எண் வந்தது, போனது. ரசிகர்கள் கடுப்பானதில் எனக்கு ஆச்சரியமில்லை. 'ஃபோர்ஸ்' மர்மமாக இருந்தபோதுதான் நன்றாக இருந்தது.

நம் '2.0'வும் (2018) இதே ரகம். இறந்துபோன பறவை ஆர்வலர் பட்சிராஜன் பறவைகளோடு சேர்ந்து பழிவாங்க வருகிறார். விஞ்ஞானி வசீகரன் அதற்கு 'ஆரா', 'எனர்ஜி' என்று பாடம் எடுக்கிறார். அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பேய்ப் படம் தான்.

படி 5: விதி கதையைத் தள்ளுகிறதா?

விளக்கம் உண்மையான அறிவியலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 'பேக் டு தி ஃபியூச்சர்' (1985) படத்தில் ஒரு காரைக் கால இயந்திரமாக்கும் ஃப்ளக்ஸ் கெபாசிட்டர் என்ற கருவி சுத்தக் கற்பனை. ஆனால் அதற்கு 1.21 ஜிகாவாட் மின்சாரம் வேண்டும், கார் மணிக்கு 88 மைல் வேகம் தொட வேண்டும். 1955இல் மாட்டிக்கொண்ட பையனுக்குப் புளுட்டோனியம் கிடைக்காது. மின்னல் ஒன்றே வழி. அது மணிக்கூண்டில் எப்போது விழும் என்பது அவனுக்குத் தெரியும், ஆகவே கம்பி கட்டுகிறார்கள். கடைசி அரைமணி நேரப் பதற்றம் முழுக்க அந்த இரண்டு எண்களிலிருந்து பிறக்கிறது. மிடிக்ளோரியனையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 6: காட்சி காட்சியாகக் குறியுங்கள்

முழுப் படத்துக்கும் ஒரே முத்திரை குத்த வேண்டாம். 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்துக்கு அறிவியல் ஆலோசகர் இயற்பியலாளர் கிப் தோர்ன். ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம் என்பதைப் படம் கறாராகக் கணக்கு வைக்கிறது. கருந்துளைக்குள் போனதும் மகளின் புத்தக அலமாரி வருகிறது. அங்கே ஃபேண்டஸி என்று குறித்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வந்தாலும் வரலாம்.

இந்த இரண்டு வகைக் கதைகளுக்கும் படங்களுக்கும் தரப்படும் ஹியூகோ விருதுக்காரர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று இரண்டையும் ஒரே பிரிவில் வைத்துவிட்டார்கள். 1978இல் 'ஸ்டார் வார்ஸ்' வாங்கிய அதே விருதை 2004இல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகம் வாங்கியது.

பயிற்சிக்கு

'கல்கி 2898 ஏ.டி.' (2024) பாருங்கள். பேசும் கார் புஜ்ஜியை முதலில் கைமாற்றிப் பாருங்கள், சுலபம். அஸ்வத்தாமா அதைவிடச் சுலபம், சாபம் என்று படமே சொல்லிவிடுகிறது. அப்புறம் காம்ப்ளெக்ஸ் என்ற கோட்டை நகரத்தில் கர்ப்பிணிகளிடமிருந்து எடுக்கும் சீரத்துக்கு வாருங்கள். எடுப்பது லேபில், ஏற்றுவது ஊசியில். ஆனால் அவர்களில் ஒருத்தியான சுமதியின் கருவிலிருந்து எடுத்தது மட்டும் ஏன் அப்படி வேலை செய்கிறது? இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?