ராப்டரை ஆர்எக்ஸ் போல ஓட்டாதீர்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் நண்பர், யமஹா ராப்டர் 700 என்ற நாலு சக்கர மண்பாதை வண்டி (ஏடிவி) ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்தும் பாண்டியிலிருந்தும் வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் சொல்வது: "ஆர்எக்ஸ் 100 பைக்கையே ஓட்டிட்டோம், இது என்ன பெரிய விஷயம்?" வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கம்பெனி ஒன்றுதான். 1887-ல் டோரகுசு யமஹா ஒரு ரீட் ஆர்கனைப் பழுதுபார்க்கப் போய், இசைக்கருவித் தொழிலில் இறங்கினார். மோட்டார் கம்பெனி 1955-ல் தனியாகப் பிரிந்தது. சின்னத்தில் இருக்கும் மூன்று கவைகளும் சுருதி பார்க்கும் இசைக்கவைகள். ஆனால் ஆர்எக்ஸின் இன்ஜின் 98 சிசி, ராப்டருடையது 686. கணக்குப் போட்டால் சரியாக ஏழு மடங்கு! அதுவும் ஒற்றை சிலிண்டரில்.

ஆர்எக்ஸ் பழக்கத்தில் கைப்பிடியை முறுக்குவார்கள், ஒன்றும் நடக்காது. ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் இருக்கிறது. பள்ளத்தில் குலுங்கும்போது தெரியாமல் விரல் அழுந்திவிடும், வண்டி பாயும். பயந்து உடனே காலை ஊன்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பைக்கில் அது காப்பாற்றும். இங்கே பின்சக்கரம் காலின் மேலேயே ஏறும். என்ன ஆனாலும் கால்கள் ஃபுட்ரெஸ்டை விட்டு இறங்கக் கூடாது.

அடுத்தது வளைவு. நாலு சக்கரம் இருப்பதால் கவிழாது என்பது வெறும் நினைப்பு. ராப்டரில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் கோத்தவை, இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும், காரில் இருக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளையும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம்தான் போக வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் சும்மா உட்கார்ந்து ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலால் ஃபுட்ரெஸ்டை அழுத்துங்கள். உள்சக்கரம் கொஞ்சம் இலகுவானதும் வண்டி திரும்பும். சீட் நீளமாக இருப்பதும் இப்படி உடம்பை நகர்த்தத்தான். மச்சானை ஏற்றிக்கொள்ள இல்லை. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவியே கொடுக்காதீர்கள்.

டயர் விஷயத்தில் நானே ஏமாந்தேன். பங்க்கில் நிறுத்தி 25 பிஎஸ்ஐ அடித்துவிட்டேன். இந்த டயருக்கு வேண்டியது நான்கைந்து பிஎஸ்ஐதான், அதைப் பங்க் மீட்டர் சரியாகக் காட்டாது. தோப்பின் செம்மண்ணில் வண்டி பந்து மாதிரி குதித்தது. அப்புறம்தான் குறைந்த அழுத்தம் காட்டும் தனி மீட்டரும் கைப்பம்பும் வாங்கினோம்.

இசிஆரில் ஒரு ரவுண்டு போகலாம் என்று ஆசைப்படாதீர்கள். இது ரோட்டுக்கான வண்டி இல்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையும் வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையோர மணலில்தான் முட்டையிட வரும்.

சரி, ஓட்டி முடித்தாயிற்று, இனி கழுவ வேண்டும். பிரஷர் பம்ப்பால் செயினில் தண்ணீர் அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர், துணி, செயின் ஆயில் போதும். ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து, அதற்கான எண்ணெய் தடவித்தான் மாட்ட வேண்டும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சில் செம்மண் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். நண்பரின் வண்டி புகை கக்கியது அதனால்தான். பிஸ்டன் ரிங் மாற்றிய பில்லைத் தோப்புக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார்.