தறி நூலில் டெலோமரேஸ் கட்டுவது எப்படி

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. மிஞ்சும் நூலை வைத்துத்தான் டியூஷன் பிள்ளைகளுக்கு குரோமோசோம் நுனியை நீட்டும் மனித டெலோமரேஸ் நொதியைச் சொல்லித் தருகிறேன். பலரும் டெர்ட் என்ற ஒரே புரதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் எண்ணினால் 12 புரதம் வரும்.

முதலில் நூல். 451 மில்லிமீட்டர் வெட்டுங்கள். இதுதான் நொதிக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. இழை, ஒரு நியூக்ளியோடைடுக்கு, அதாவது ஓர் எழுத்துக்கு, ஒரு மில்லிமீட்டர். இடது நுனியிலிருந்து 46 முதல் 56 வரை சிவப்பு மை தடவுங்கள். குரோமோசோம் நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற டி.என்.ஏ. எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சேர்க்க அச்சாக இருப்பது இந்த 11 எழுத்துதான்.

அடுத்து ஏரிக் களிமண் ஒரு பெரிய உருண்டை. அது டெர்ட், 1132 அமினோ அமிலம் கொண்டது. பாதி மடக்கிய கை மாதிரி பிடியுங்கள், சிவப்புப் பகுதி உள்ளங்கையில் வரட்டும். ஏறக்குறைய 24 முதல் 33 செ.மீ. வரையுள்ள நூலையும் அதே மண்ணில் ஒட்டுங்கள். நிறைய பேர் இந்த இரண்டாவது பிடியை விட்டுவிடுகிறார்கள்.

நூலின் பின்பாதியைக் கொண்டை ஊசி மாதிரி இரண்டு மடிப்பாக மடியுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் நான்கு புரதம் கொண்ட ஒரு செட் வேண்டும்: டிஸ்கெரினுக்குப் புளியங்கொட்டை, கார்1-க்குக் கொண்டைக்கடலை, என்ஹெச்பி2-க்குப் பட்டாணி, நாப்10-க்குக் கடுகு. நாப்10 வெறும் 64 அமினோ அமிலம், அதனால்தான் கடுகு. அதை டிஸ்கெரினுக்கும் என்ஹெச்பி2-க்கும் நடுவில் வையுங்கள். கார்1 டிஸ்கெரினோடு ஒட்டும். இரண்டு செட் என்பதை மறக்காதீர்கள்.

கடைசி மடிப்பின் வளைவில் ஒரு சட்டைப் பொத்தான் தையுங்கள். அது டிகேப்1 என்ற புரதம். அதன் வடிவமே வட்டத் தட்டுதான். நொதியைக் காஜல் உடலுக்கு, அதாவது செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு சிறு பகுதிக்கு, கொண்டுபோவது இதன் வேலை.

சரி, இதுவரை பத்து. 2018-ல் வெளியான கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி (உறையவைத்துப் பார்க்கும் நுண்ணோக்கி) படமும் இந்தப் பத்தைத்தான் காட்டியது. 2021-ல் இன்னும் தெளிவான படம் வந்தபோது ஹிஸ்டோன் (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்) வகையில் எச்2ஏ, எச்2பி ஜோடியும் தெரிந்தது. இரண்டு துவரம்பருப்பை ஒட்டி, இரண்டாவது பிடி அருகே வையுங்கள்.

அப்புறம் புளியங்கொட்டை ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், மடிப்பு தளரும். டிஸ்கெரின் மரபணு கெட்டவர்களின் செல்லிலும் இந்த ஆர்.என்.ஏ. நிலைக்காமல் குறைகிறது. நகம் சிதைகிறது, வாயில் வெள்ளைத் திட்டு வருகிறது, பலருக்கு எலும்பு மஜ்ஜையும் ஓய்ந்துபோகிறது. இந்தப் படியில் மட்டும் நான் பிள்ளைகளை அவசரப்படுத்துவதே இல்லை.